பட்டறைக்குத்தான் போவாய்!

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் வாசகம் ஒன்று உண்டு. வாய்பாடு ஒப்பிக்கத் தெரியாத மாணவனைப் பார்த்தும், வல்லினம் மிகும் இடம் அறியாமல் எழுதிய மாணவனைப் பார்த்தும், பின் வரிசையில் அமர்ந்து சன்னல் வழியே சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவனைப் பார்த்தும் ஒரே மூச்சில் சொல்கிறோம்: "இப்படியே இருந்தால் பட்டறைக்குத்தான் போவாய்!" பிரம்பை மறைத்து வைத்துவிட்டோம், இந்த வாசகத்தை மறைக்கவில்லை.

நானும் சொன்னவன்தான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த நாள் முதலாக எத்தனை முறை சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்த வாசகத்தை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். எதிர்க்கும் தகுதி எனக்கு எப்போது வந்தது என்று கேட்பீர்களானால், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் இரண்டு கார்பரேட்டர்களை வீட்டு வாசலில் உட்கார்ந்து என் கையாலேயே கழுவிய பிறகு வந்தது என்பேன். நகைப்போர் நகைக்கலாம். முழுதும் படித்துவிட்டு நகைப்பது நலம்.

வண்டி என் தந்தையாருடையது. ஹோண்டா சிபி 350, 1972-ஆம் ஆண்டு வண்டி. இரண்டு சிலிண்டர்கள், அவற்றுக்கு இரண்டு கார்பரேட்டர்கள். தந்தையார் தோட்டத்துத் தொழிற்சாலையில் இஞ்சின் பார்த்தவர். பழையதாக வாங்கிய அவ்வண்டியை ஞாயிறுதோறும் பிரித்துத் துடைத்து மீண்டும் பூட்டுவார். நான் அருகில் போனால் விரட்டுவார். "தொடாதே. நீ எழுதுகிற கை." அவர் மறைந்த பின் ஒன்பது ஆண்டுகள் வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது. விற்கவும் மனம் வரவில்லை. ஓட்டவும் வழி தெரியவில்லை. நகரில் ஒரு கடைக்கு ஏற்றிச் சென்றேன். கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "கார்பரேட்டர் ரெண்டும் செத்துப் போச்சு. தூக்கிப் போட்டுட்டு வேற மாத்தணும்," என்று சொல்லி விலையையும் சொன்னார். மருத்துவர் நாடி பிடிக்காமலே ஈமக்கடன் செலவைச் சொன்னது போல் இருந்தது எனக்கு.

தம்போயில் வாழ்வோருக்குப் பட்டறை புதிதன்று. ஒருபுறம் தொழிற்பேட்டை, மறுபுறம் குடியிருப்பு. விடியுமுன்பே சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் மோட்டார் சைக்கிள்களின் ஓசையில்தான் இங்குப் பொழுது புலர்கிறது. 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர்க் கடற்பாலத்தின் மேல் அன்றாடம் போய்வரும் அந்த வண்டிகளை ஓடவைப்போர் யார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தகைய சிறு பட்டறை ஒன்றை நடத்துபவர் என் பழைய மாணவர். அவரை 'அவன்' என்று எழுதவே கை போகிறது, திருத்திக்கொள்கிறேன். ஆறாம் வகுப்பில் அவரைப் பார்த்து அந்த வாசகத்தைச் சொன்னவன் நான். வாசகம் பலித்துவிட்டது என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது என்பதைத்தான் பின்னர் கற்றுக்கொண்டேன்.

அவர் வண்டியைப் பார்த்தார். டாங்கியின் மூடியைத் திறந்து முகர்ந்தார். "சாகல சார். தொண்டை அடைச்சிருக்கு. பட்டறைக்குக் கொண்டு வராதீங்க. வீட்டிலேயே கழுவலாம். நான் பக்கத்துல உட்கார்றேன், நீங்க செய்யுங்க," என்றார். வகுப்பறையில் நான் ஒரு நாளும் அவருக்குச் செய்யாத காரியம் அது. நானே எழுதிக் காட்டுவேன், அவர் பார்த்து எழுதுவார், அவ்வளவுதான்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நம்மில் பலர் கார்பரேட்டர் என்ற சொல்லை அறிவோம், பொருளை அறியோம். பொருளறியாமல் சொல்லைப் பழிப்பது தமிழாசிரியருக்கு அழகன்று.

முதலில் வாசலில் காற்றோட்டமான இடம் பார்த்தோம். என் துணைவியார் மாலையில் ஏற்றும் மாடத்து விளக்கை அன்று ஏற்றக் கூடாது என்று மாணவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். பெட்ரோலின் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தரையாகப் பரவும். எட்ட இருக்கும் சுடரும் அதற்குப் போதும். பிறகு எண்ணெய்க் குழாயை அடைத்து, மிதவைக் கிண்ணங்களில் தங்கியிருந்ததை வடித்தோம். பெட்ரோல் வரவில்லை, கருப்பட்டிப் பாகு போன்ற ஏதோ ஒன்று வந்தது. நெடுநாள் நிற்கும் பெட்ரோலில் இலேசான பகுதிகள் ஆவியாகிப் போய்விடும். எஞ்சியது காற்றோடு கூடி மெழுகு போலவும் பிசின் போலவும் இறுகும். இதுவே அடைப்புக்குக் காரணம். வண்டி ஓடியதால் கெட்டதன்று, ஓடாததால் கெட்டது.

திருகாணியில் கை வைத்ததுமே எனக்கு முதல் அடி விழுந்தது. வீட்டில் இருந்த திருப்புளியை எடுத்து அழுத்தினேன். அவர் கையைப் பிடித்தார். "இது வேணாம் சார். தலை கெட்டுப்போகும்." சப்பான் நாட்டுத் திருகாணியின் சிலுவைப் பள்ளம், நாம் கடையில் வாங்கும் பிலிப்ஸ் திருப்புளியின் முனைக்குச் சரியாகப் பொருந்தாதாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் பிலிப்ஸ் முனை அழுத்தம் மிகும்போது பள்ளத்தை விட்டு வழுக்கி மேலெழும்; எழும்போது பள்ளத்தின் ஓரங்களைத் தின்றுவிடும். சப்பானியத் தரத்துக்கென்று தனித் திருப்புளி உண்டு. அத்தகைய திருகாணிகள் பலவற்றின் தலையில் அடையாளமாக ஒரு சிறு புள்ளி இருக்கும். லகரம், ளகரம், ழகரம் மூன்றையும் மயங்காமல் ஒலிக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் போதித்தவன் நான். சிலுவைப் பள்ளங்களிலும் அத்தகைய வேறுபாடு இருப்பதை அன்றுதான் கண்டேன். கடைகளில் பழுது பார்க்கப்பட்ட பழைய வண்டிகள் பலவற்றில் திருகாணித் தலைகள் சிதைந்து கிடக்கும் காரணமும் விளங்கிற்று.

இடப்பக்கத்துக் கார்பரேட்டரின் உறுப்புகளை ஒரு தட்டிலும் வலப்பக்கத்து உறுப்புகளை வேறொரு தட்டிலும் வைக்கச் சொன்னார். ஐம்பது ஆண்டுகள் ஒரே துளையில் ஏறி இறங்கிய பிஸ்டன் அத்துளையோடு இயைந்திருக்கும். மாற்றிப் போட்டால் பிணங்கும். மேல்மூடியைத் திறந்தால் உள்ளே மெல்லிய ரப்பர் சவ்வு. அதன் மேல் கழுவும் மருந்தைத் தெளிக்கக் கூடாது. தெளித்தால் உப்பி உருக்குலையும். சவ்வில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வண்டி வேகம் எடுக்காது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, முட்டையைச் சோதிப்பது போலப் பார்த்தோம். நல்லவேளை, ஓட்டையில்லை. சிறு திருகாணி ஒன்றைக் கழற்றுமுன், அது அடியில் முட்டும் வரை மெல்லத் திருகி, எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளச் சொன்னார். திருப்பிப் பூட்டும்போது அதே கணக்கு வேண்டும். அரைச் சுற்று, கால் சுற்று என்று நான் குறிப்பேட்டில் எழுதினேன். பின்னங்களை வட்ட அட்டையில் வெட்டிக் காட்டியே காலம் கழித்தவனுக்கு, முக்கால் சுற்று தவறினால் இஞ்சின் இருமும் என்பது புதுச் செய்தி.

அடியில் இருப்பவை ஜெட்டுகள். பித்தளையில் கடைந்த, நடுவே துளையிட்ட சிறு துண்டுகள். அவற்றுள் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டரையும் எட்டாது. தலையில் எண் பொறித்திருக்கும். அத்துளையை இரும்புக் கம்பியால் குத்துவது பெருங்குற்றம் என்றார். துளை ஒரு மயிரிழை அகன்றாலும் போதும், அதன் பின் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. மருந்தில் ஊறவைத்து, மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செப்பிழையால் மெல்ல வருடி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தோம். ஆறாவது முறைதான் வட்டமான வெளிச்சப் புள்ளி தெரிந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள்; அப்போது எனக்குத் தந்தையார் நினைவில் கண் நனைந்தது. பெட்ரோல் நெடியால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இடையே ஒரு வழக்காடல் நடந்தது. கார்பரேட்டரின் நடுப்பகுதி ஒடுங்கியிருக்கும். ஒடுங்கிய இடத்தில் காற்று விரைந்து ஓடும். விரையும் இடத்தில் அழுத்தம் குறையும். பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய உண்மை இது. குழாய் ஒடுங்கும்போது நேர்வதை வெஞ்சுரி 1797-இல் எழுதினார். அந்த ஒடுங்கிய பகுதிக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. ஜெட்டின் வழியே எண்ணெயைத் தூவும் கார்பரேட்டரை மேபாக் 1893-இல் ஆக்கினார். மாணவர், "இஞ்சின் பெட்ரோலை உறிஞ்சுது சார்," என்றார். விடுவேனா? ஆசிரியனாயிற்றே! "உறிஞ்சவில்லை, கிண்ணத்தின் மேல் நிற்கும் வெளிக்காற்றின் அழுத்தம்தான் பெட்ரோலை மேலே தள்ளுகிறது," என்று திருத்தினேன். அவர் சற்று யோசித்தார். "அதான் சார், கிண்ணத்துக் காத்துக் குழாய் அடைச்சா ஓடுற வண்டி நின்னுடும். பல பேர் ஜெட்டைக் கழட்டிக்கிட்டே இருப்பாங்க, நான் மொதல்ல அந்தக் குழாயைத்தான் பார்ப்பேன்," என்றார். நான் வாயடைத்துப் போனேன். காற்றழுத்தத்தை நான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்தியவன். அவ்வழுத்தம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நடுச்சாலையில் நின்றுபோன வண்டியில் கண்டு, அடைப்பை நீக்கி, ஒருவரை வேலைக்கு அனுப்பி வைத்தவர் அவர். இருவரில் யார் அறிவியலைக் கற்றவர்?

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும் என்கிறது நூல், இது எடைக்கணக்கு. மாணவருக்கு அந்த எண் தெரியாது. ஆனால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, கரி படிந்திருந்தால் எண்ணெய் மிகுதி, வெளுத்திருந்தால் காற்று மிகுதி என்று சொல்லிவிடுவார். அதற்கு அவர் ஆளும் தமிழைக் கேளுங்கள். எண்ணெய் மிகுந்தால் வண்டி 'மூச்சு முட்டுது'. காற்று மிகுந்தால் 'இருமுது'. ஏற்றத்தில் இழுக்காவிட்டால் 'திணறுது'. இரண்டு சிலிண்டர்களும் ஒத்துப் போகாவிட்டால் 'நொண்டுது'. ஒரு தமிழன் இயந்திரத்தை உடம்பாகக் கண்டு, அதன் நோயைத் தன் மொழியில் பெயரிட்டு அழைக்கிறான். இவையல்லவா கலைச்சொற்கள்!

நாமோ கலைச்சொல்லை மேடையில் தேடுகிறோம். கருத்தரங்கு ஒன்றில் கார்பரேட்டருக்கு ஒருவர் ஒரு பெயர் சொல்ல, மற்றொருவர் எழுந்து அதில் வடமொழி வாடை வீசுகிறது என்று வேறு பெயர் சொல்ல, மூன்றாமவர் சந்திப்பிழை கண்டுபிடிக்க, தேநீர் வேளை வந்துவிட்டது. மூவருள் எவரும் அப்பொருளைத் திறந்து பார்த்ததில்லை என்று நான் பந்தயம் கட்டுவேன். அன்று நானும் அக்கூட்டத்தில் இருந்தேன், நானும் பார்த்ததில்லை. சொல்லாக்கத்தைப் பழிப்பதாக எவரும் எண்ண வேண்டா. தமிழில் அறிவியல் சொல்லியாக வேண்டும் என்பதில் எனக்கு அணுவளவும் ஐயமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அவர் ஆக்கிய சொற்கள் நோயாளியின் படுக்கையருகே பிறந்தவை. மாணவர் கையில் கருவி இருந்தது, அதற்குப் பெயர் தேவைப்பட்டது. கை முந்தியது, சொல் பிந்தியது. நாம் சொல்லை முந்தவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டோம். தொல்காப்பியர் வடசொல்லைக்கூட அதன் எழுத்தைக் களைந்து தமிழெழுத்தோடு புணர்த்தி ஏற்க வழி வைத்தார். 'ஜெட்' என்ற சொல் நுழைந்ததால் தமிழ் கெட்டுவிடாது. அதனைக் கழுவத் தெரிந்த தமிழரைப் பள்ளி வாசலில் நிறுத்திவிட்டால் கெடும்.

நம் நாட்டில் 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. 2012-இல் அத்திட்டம் திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டுகளில் நாம் எழுதிய கண்டனங்கள் எத்தனை, கூடிய கூட்டங்கள் எத்தனை! தமிழில் அறிவியல் முடியும் என்று முழங்கினோம். முழங்கியது சரியே. ஆனால் தமிழில் அறிவியலை அன்றாடம் செய்துகொண்டிருந்த ஒருவரையேனும் அக்கூட்டங்களுக்குச் சான்றாக அழைத்தோமா? பட்டறைக்காரர் நம் கண்ணில் படவில்லை. அவர் சட்டையில் எண்ணெய்க் கறை இருந்தது.

இந்த இழிவெண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் பேச வேண்டும். இது தோட்டத்திலிருந்து வந்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. நடத்தினார்கள், மாட்டுக் கொட்டகையைவிடச் சற்று மேலான கொட்டகையில், கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் பாடம் சொன்ன பள்ளிகளும் உண்டு. அங்கே பால் வெட்டிய தகப்பனுக்கு ஒரே கனவு, மகன் கிராணியாக வேண்டும் என்பது. வெள்ளைச் சட்டை, பேனா, நிழல். வெயிலில் வெந்தவன் நிழலை வேண்டுவது குற்றமா? என் தந்தையார் என்னை வண்டியருகே வராமல் விரட்டியதும் அதனால்தான். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆயினும் ஒன்று கேட்பேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கிராணி வேலையும் அருகிவிட்டது. கிராணி வழிபாடு மட்டும் நம் பள்ளிகளில் எதற்கு? அது யூபிஎஸ்ஆர் தேர்வின் 'ஏ' எண்ணிக்கையாக வடிவெடுத்துப் பதாகைகளில் தொங்கியது. அத்தேர்வே 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. அதனால் நம் மனம் மாறியதா? வேறு தேர்வைத் தேடி அலைகிறோம்.

பாடத்திட்டத்தைக் குறை சொல்லித் தப்பவும் நமக்கு வழியில்லை. கேஎஸ்எஸ்ஆர் பாடத்திட்டத்தின் இரண்டாம் படிநிலையில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்றொரு பாடம் வைத்தார்கள். அதற்கு முன் வாழ்வியல் திறன் இருந்தது. அப்பாட வேளைகள் எத்தனை முறை கணிதத்துக்கும் கட்டுரைக்கும் 'கடன்' கொடுக்கப்பட்டன என்பதை உங்கள் மனச்சான்று அறியும். என் பள்ளியில் அக்கடனுக்குக் கையெழுத்திட்டவனே நான்தான். பொருத்துவதற்கென்று வந்த பெட்டியை, பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்று பூட்டி வைத்ததும் உண்டு. உடைத்தால் என்ன? கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, பள்ளிக்கூடத்தோடு ஒத்துப் போகாத பிள்ளை. ஊருக்கு வந்த வெள்ளை அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவு விடுதியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதையே விலைக்கு வாங்கினார் என்பது அவர் வரலாற்றில் சொல்லப்படும் செய்தி. வாங்கி என்ன செய்தார்? ஊர் சுற்றினாரா? வீட்டில் வைத்து ஒவ்வொரு உறுப்பாகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே 1920-இல் பேருந்து ஓட்டத் தொடங்கியவர் பிறகு மின் மோட்டார் வரை ஆக்கிக் காட்டினார். நம் பள்ளியில் படித்திருந்தால் அவரிடம் நாம் என்ன சொல்லியிருப்போம் என்று நான் சொல்லவும் வேண்டுமோ!

பழைய இலக்கியத்தை நாள்தோறும் போற்றும் நமக்கு அவ்விலக்கியமே எதிர்ச்சான்று சொல்கிறது. மணிமேகலையில் சாத்தனார் அரண்மனைச் சோலையின் மண்டபத்தை வருணிக்கும்போது மகத நாட்டு, மராட்ட நாட்டு, அவந்தி நாட்டு, யவன நாட்டுக் கைவினைஞரோடு தமிழ் வினைஞரும் கூடிச் செய்த வேலை என்று பெருமிதம் கொள்கிறார். புறநானூற்றுப் புலவர் குயவரை அரசரை விளிக்கும் சொல்லால் விளிக்கிறார். அப்பாடலைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யவைத்துவிட்டு, மணி அடித்ததும் "பட்டறைக்குத்தான் போவாய்" என்கிறோம்.

'பட்டறையைப் புகழ்ந்தால் பிள்ளைகள் படிப்பைக் கைவிட்டுவிடுவார்கள்' என்று நண்பர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். பிள்ளைகளைப் பட்டறைக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. பட்டறையைத் தண்டனையாகக் காட்டாதீர்கள் என்கிறேன். தண்டனை என்று பழகிய இடத்துக்கு விரும்பிப் போகிறவர் யார்? நம் நாட்டில் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளும், அதற்கு மேல் டிப்ளோமா, உயர் டிப்ளோமா என இரண்டும் உண்டு. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுபவை. இதனை எத்தனைப் பெற்றோர்க்கு எடுத்துச் சொன்னோம்? சொல்ல நமக்கே தெரியாது. என் மாணவர் சான்றிதழ் இல்லாமலேயே பட்டறையில் எடுபிடியாக நுழைந்து, அடியும் திட்டும் வாங்கித் தொழில் பழகியவர். இரண்டாம் நிலைச் சான்றிதழைப் பிறகு முப்பது வயதில் போய் எடுத்தாராம். பன்னிரண்டு வயதில் நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் பத்தாண்டு மிச்சமாகியிருக்கும்.

'கார்பரேட்டரே மறைந்து வருகிறதே, புதிய வண்டிகளில் மின்னணு முறையில் எண்ணெய் தெளிக்கிறார்களே, செத்ததை எதற்குக் கட்டி அழுகிறீர்?' என்றும் கேட்டார் ஓர் ஆசிரியர். அவர் யாப்பிலக்கணம் நடத்துபவர். அவருக்கு நான் சொன்னது இதுதான்: புதிய வண்டியின் கருப்புப் பெட்டியைத் திறந்தால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. கார்பரேட்டரைத் திறந்தால் எல்லாம் தெரியும். மிதவை மிதக்கும், ஊசி அடைக்கும், துளை வழி விடும். ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்ணெதிரே நிற்கும். கற்பிப்பதற்கு இதைவிட நேர்மையான பொருள் எது?

இரண்டாம் ஞாயிறு மாலை வண்டியைப் பூட்டினோம். ஏழாவது உதையில் இஞ்சின் உயிர்த்தது. ஆனால் நொண்டியது. மாணவர் வண்டியின் பின்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு புகைக்குழாய்களுக்கும் பின்னே இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார். இடக்கையில் படும் மூச்சும் வலக்கையில் படும் மூச்சும் ஒத்திருக்க வேண்டும். "சோத்தாங்கைப் பக்கம் கொஞ்சம் கொறையுது சார். கேபிளைக் கால் சுத்து விடுங்க." விட்டேன். ஓசை ஒன்றானது. கூலியாக என்ன வேண்டும் என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே தயங்கினார். பிறகு சொன்னார்: "என் மக உங்க பள்ளியிலதான் நாலாம் வகுப்பு படிக்கிறா சார். வகுப்புல டீச்சர் யாரையோ பட்டறைக்குத்தான் போவேன்னு திட்டியிருக்காங்க. அன்னிலேருந்து நான் பட்டறைச் சட்டையோட கூப்பிட வந்தா, கேட்டுக்கு எட்ட நிக்கச் சொல்றா. நீங்க சொன்னா டீச்சருங்க கேப்பாங்க."

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். தலைமையாசிரியருக்கு மோட்டார் சைக்கிள் பித்து என்றார்கள் போலும். யார் சொன்ன சொல் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் என்னிடமிருந்து அல்லவா தொடங்க வேண்டும்? நாலாம் வகுப்பின் கடன் கொடுத்த பாட வேளையை மட்டும் திரும்ப வாங்கினேன். என் மாணவரைப் பட்டறைச் சட்டையோடே பள்ளிக்கு அழைத்தேன். பெட்ரோல் ஒரு சொட்டும் இல்லாமல் கழுவி உலர்த்திய ஹோண்டா 70 கார்பரேட்டர் ஒன்றைத் துணி விரித்த மேசை மேல் வைத்தார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டதும் மிதந்த உறுப்பைப் பார்த்து, எந்த அகராதியையும் புரட்டாமல், "மிதவை!" என்று இரண்டு மூன்று குரல்கள் கத்தின. யாப்பிலக்கண ஆசிரியர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அழைத்தால் வரமாட்டார், அனுப்பினாலும் போகமாட்டார். கிண்ணத்தைத் திறந்து காட்ட யார் வருகிறீர்கள் என்று நான் கேட்டேன். பின் வரிசையிலிருந்து அவர் மகள் எழுந்து வந்தாள். என் கையிலிருந்த திருப்புளியை நீட்டினேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது வேணாம் சார். தலை கெட்டுப்போகும்," என்று சொல்லிவிட்டு, தன் தந்தையின் பையிலிருந்து வேறொன்றை எடுத்தாள்.